மழைக்கு ஒதுங்காத ரேடியோ

நம் சங்கத்துப் பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்கு அமர்ந்திருந்த அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ரயில்வேயில் ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் நிம்மதியாக இருக்காமல் மலை மேல் போய்க் கம்பம் நடுகிறீர்களாமே சார், மழையில் வேறு நனைகிறீர்களாம். கையில் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" பாயசம் வந்துவிட்டபடியால் அங்கே விரிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆசிரியர் இடம் கொடுத்திருப்பதால் இங்கே சொல்கிறேன்.

நான் டிப்ளமோ படித்துவிட்டுத் தென் மத்திய ரயில்வேயின் சிக்னல் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தவன். கம்பியும் கம்பமும் டெலிபோனுமாகவே காலம் ஓடியது. ஹாம் ரேடியோ என்பது எனக்கு நடு வயதில் வந்த பழக்கம். ஹாம் என்றால் பொழுதுபோக்காக, ஆனால் அரசாங்க உரிமம் பெற்று, சொந்த வயர்லெஸ் நிலையம் வைத்துப் பேசுகிறவர். டெல்லியில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு தேர்வு வைத்து உரிமம் வழங்குகிறது. உரிமம் பெற்றவருக்கு ஓர் அழைப்புக் குறி உண்டு. இந்தியாவில் பெரும்பாலும் அது வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். காலஞ்சென்ற பிரதமர் ராஜீவ் காந்தி அவர்களின் குறி வி.யு.2 ஆர்.ஜி. இதில் வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, சங்கேத மொழியில் பேசக் கூடாது. உலகம் முழுவதும் ஹாம்கள் இருக்கிறார்கள். நடுவில் எந்தக் கம்பெனியும் கோபுரமும் இல்லாமல், ஒரு பெட்டி, ஒரு பாட்டரி, ஒரு முழக்கம்பி ஆகியவற்றை வைத்துக்கொண்டு அவர்களோடு பேசலாம்.

நம் ஹைதராபாத் இந்த விஷயத்தில் ஒரு முக்கியமான ஊர் என்பது இங்கே பல ஆண்டுகளாக வாழும் தமிழர்களுக்கே தெரியாது. ராஜ்பவன் சாலையில் 1983-ல் தொடங்கப்பட்ட தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மலை மேல் கம்பம் நடும் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் ஹாம் சங்கம் 1933-ல் 'ஃபீல்ட் டே' என்ற ஒரு பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது. வெளிக்களப் பணி நாள் என்று சொல்லலாம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்து நான்காவது முழு வாரக் கடைசியில் ஹாம்கள் வீட்டிலுள்ள வசதியான நிலையத்தை விட்டுவிட்டு, வயலிலோ மலையிலோ பூங்காவிலோ போய்த் தற்காலிக நிலையம் அமைத்து, ஒரு முழு நாள், இரவும் பகலுமாக, எத்தனை நிலையங்களோடு தொடர்பு கொள்ள முடியும் என்று பார்ப்பார்கள். மின்வாரியத்தின் மின்சாரத்தைத் தொடாமல் பாட்டரி, ஜெனரேட்டர், சூரியத் தகடு இவற்றாலேயே இயங்கினால் தனி மதிப்பெண். பேச்சு மூலம் ஒரு தொடர்புக்கு ஒரு மதிப்பெண் என்றால் மோர்ஸ் மூலம் இரண்டு. போட்டியில் முறைப்படி சேர்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க, கனடா நாட்டார்தான் என்றாலும் அந்த முறை உலகெங்கும் பரவிவிட்டது. நம் நாட்டுக் குழுக்கள் தங்கள் வசதிப்படி நாள் குறித்துக்கொண்டு நடத்துகின்றன.

அமெரிக்காவில் ஜூன் என்றால் கோடைக்கால உல்லாசம். நமக்கோ ஜூன் என்றால் தென்மேற்குப் பருவமழை. இரண்டாம் வாரத்தில் தெலங்கானாவுக்குள் மழை நுழைந்துவிடும். ஆகவே இங்கே ஜூனில் வெளிக்களப் பணி என்று நாள் குறிப்பது, கல்யாணத்துக்கு ஆடி மாதத்தில் நாள் பார்ப்பது போலத்தான். "டிசம்பரில் வைத்துக்கொண்டால் என்ன?" என்று எங்கள் குழுவிலேயே ஆண்டுதோறும் வழக்கு நடக்கும். டிசம்பரிலும் நடத்தட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் டிசம்பரில் மட்டும் நடத்தினால் அது வனபோஜனம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் சனிக்கிழமை. நாங்கள் பதினோரு பேர் விக்காராபாத் அருகேயுள்ள அனந்தகிரி மலைக்குப் போனோம். ரயில்வேக்காரர்களுக்கு விக்காராபாத் என்றால் செகந்திராபாத்திலிருந்து வாடி போகும் பாதையில் பர்லிக்குக் கிளை பிரியும் ஜங்ஷன். மற்றவர்களுக்கு அது மூசி நதி பிறக்கும் இடம். 1908 செப்டம்பரில் ஹைதராபாத்தைப் புரட்டிப் போட்ட மூசி வெள்ளம் இந்தப் பக்கத்திலிருந்து இறங்கிய தண்ணீர்தான். இன்று அங்கே நின்று பார்த்தால் இந்த ஓடையா அப்படிச் செய்தது என்று தோன்றும்.

பகல் இரண்டு மணிக்குள் நிலையம் தயார். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஓர் ஆன்டெனா. இது ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. சுமார் 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் கேபிளை இணைத்து, இரண்டு நுனிகளையும் கயிற்றால் இழுத்துக் கட்டினால் ஆன்டெனா ரெடி. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். ஆன்டெனா அதில் பாதி. நடுவில் ஒன்பது மீட்டர் மூங்கில் கம்பம். ஒரு நுனி வேப்ப மரத்தில், இன்னொரு நுனி முளைக்குச்சியில். காரில் இருந்து கழற்றிய மாதிரி இரண்டு பாட்டரிகள். நூறு வாட் பெட்டி பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்கும்போது ஓர் ஆம்பியர்தான். ஆகவே பாட்டரிச் சிக்கனம் என்பது அதிகம் கேட்டுக் குறைவாகப் பேசுவது. நம் சங்கக் கூட்டங்களுக்கும் இந்த விதியைக் கொண்டு வரலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

நான்கரை மணி வரை ஓகோ என்று போயிற்று. விஜயவாடா, பெங்களூரு, சேலம் என்று தொடர்புகள் வந்துகொண்டிருந்தன. பிறகு ஹெட்ஃபோனில் 'கட்டார்... கட்டார்...' என்று பட்டாணி பொரிகிற சத்தம். வானம் தலைக்கு மேல் வெளுப்பாகத்தான் இருந்தது. ஆனால் எங்கோ இடி விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு மின்னலும் ஒரு பிரம்மாண்டமான ரேடியோ டிரான்ஸ்மிட்டர். 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற கீழ்வரிசைகளில் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விழும் மின்னலும் கேட்கும். 14 மெகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சல் குறையும். 144 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய இருக்காது. ஆகவே அனுபவமுள்ள ஆபரேட்டருக்கு அவர் காதே வானிலை இலாகா.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தெளிவு செய்துவிட வேண்டும். மழை ரேடியோ அலையைத் தடுக்கிறதா? உங்கள் வீட்டு மொட்டை மாடியில் டி.டி.எச். தட்டு இருந்தால், கனமழையில் படம் உறைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளியின் அளவோடு ஒப்பிடத் தக்கது. அதனால் துளிகள் அதை விழுங்குகின்றன, சிதறடிக்கின்றன. நாங்கள் பயன்படுத்தும் 40 மீட்டர் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. யானைக்கு முன்னால் கொசு. அந்த அலை நேராக மேலே போய், பூமிக்கு மேல் நூறு இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. மேகம், மழை, புயல் எல்லாம் அதற்கு வெகு கீழே, அதிகமாகப் போனால் பதினைந்து பதினாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் சமாசாரம். ஆக, புயல் நடுவிலும் வானத்துப் பாதை திறந்தேதான் இருக்கிறது. கெட்டுப் போவதெல்லாம் தரையில் நாம் கட்டியவை: கயிறு, கம்பம், இணைப்பு, பாட்டரி, மனிதன்.

அன்றும் அப்படித்தான். ஐந்து மணிக்கு மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடி ஆயிற்று. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். ஆகவே முப்பது விநாடி என்றால் பத்து கிலோமீட்டர். அதுதான் எல்லைக்கோடு. எங்கள் தலைவர் ஒரே வார்த்தை சொன்னார், "நிறுத்து." கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வெளியே தூர எறிந்துவிட்டு, எல்லோரும் கம்பத்தை விட்டு விலகி, கீழே நின்ற வண்டிகளுக்குள் போய் உட்கார்ந்தோம். மலை உச்சியில் ஈரக் கம்பத்தைக் கையால் பிடித்து நிறுத்துவது வீரம் இல்லை. இடி மின்னலுக்காக நிறுத்துவதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. கடைசி இடி கேட்ட பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் திரும்ப வேண்டும். மழைக்காக நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மேகத்தைக் கண்டதும் சாமானைக் கட்டுகிற குழுக்களும் உண்டு.

ஏழு மணிக்கு இடி ஓய்ந்தது, மழை ஓயவில்லை. டார்ச்சோடு மேலே போய்ப் பார்த்தோம். வேப்ப மரம் காற்றில் ஆடி ஆன்டெனாக் கம்பியை அறுத்திருந்தது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். மரம் ஆடும்போது விறைப்பாகக் கட்டிய கம்பிதான் தோற்கும். இதற்கு வழி ரயில்வேயில் இருக்கிறது. மின்சார ரயில் பாதையில் போகும்போது, சில கம்பங்களில் கப்பியோடு சேர்ந்து எடைக்கட்டிகள் அடுக்காகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலில் மேல்நிலைக் கம்பி நீண்டாலும் குளிரில் சுருங்கினாலும் எடை இறங்கி ஏறி இழுப்பை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். அதையே சிறிய அளவில் செய்தோம். மரக்கிளையில் ஒரு கப்பி, கயிற்றின் மறுமுனையில் அரைவாசி மண் நிரப்பிய பெயிண்ட் டப்பா. மரம் ஆடினால் டப்பா ஏறி இறங்கும், கம்பி பிழைத்துக்கொள்ளும். அறுந்த கம்பியை முறுக்கி ஒட்டுப்போட்டு, இரவு எட்டரைக்கு மீண்டும் வானலையில் இருந்தோம்.

இதுபோன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான் வெளிக்களப் பணியின் பாடத்திட்டம். கேபிள் பெட்டிக்குள் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வந்து இணைப்புக்குள் இறங்கிவிடும். ஜெனரேட்டரைக் காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், தூரத்தில் வைக்க வேண்டும். அதன் புகைக்காகவும், அதன் ரேடியோ இரைச்சலுக்காகவும். பதிவேட்டைப் பென்சிலால் எழுத வேண்டும், ஜெல் பேனா எழுத்து ஒரு துளி பட்டால் கரைந்து போகும். மாற்றுச் சட்டையைவிட மாற்றுச் சாக்ஸ் முக்கியம். இவை எந்தப் புத்தகத்திலும் பரீட்சைக்கு வருவதில்லை.

அன்று இரவு இரைச்சல் ஓயவில்லை. பேச்சு புரியவில்லை. குழுவில் மோர்ஸ் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் நான் ஒருவன். 'நம் நாட்டில் 2013 ஜூலையோடு தந்தியே மூடியாகிவிட்டது, இனி மோர்ஸ் எதற்கு' என்று இளைஞர்கள் கேட்பார்கள். காரணம் உணர்ச்சி இல்லை, கணக்குத்தான். மனிதக் குரலை அனுப்ப ரிசீவரின் ஜன்னலைச் சுமார் 2,400 ஹெர்ட்ஸ் அகலத்துக்குத் திறக்க வேண்டும். அவ்வளவு அகலத்துக்கும் இரைச்சல் உள்ளே வரும். மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ் போதும். ஜன்னலை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் உள்ளே வரும் இரைச்சலும் ஐந்தில் ஒரு பங்காகும். அதோடு, ஒரு 'கிட்'டோ 'கட்'டோ இடியில் போனாலும் மற்றதை வைத்து எழுத்தை ஊகிக்கலாம். விடியற்காலை நான்கு மணிக்குள் பேச்சில் கிடைக்காத பல ஊர்கள் மோர்ஸில் கிடைத்தன. இரவில் 7 மெகாஹெர்ட்ஸ் வெகுதூரம் போகும். பகலில் அதை உறிஞ்சும் கீழ் அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுவதே காரணம்.

சரி, இத்தனை பாடும் ஒரு விளையாட்டுக்காகவா? இங்கேதான் ராஜ்பவன் சாலைக்காரர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ஹாம் குறி வி.யு.4. பாதுகாப்புக் காரணங்களால் அங்கே ஹாம் நிலையம் நடத்த அரசு எளிதில் அனுமதி தராது. உலக ஹாம்கள் மத்தியில் கிடைத்தற்கரிய இடங்களில் ஒன்றாக அது இருந்தது. 1987-ல் அங்கே போய் வந்த ஹைதராபாத் நிறுவனத்தைச் சேர்ந்த திருமதி பாரதி பிரசாத், மறுபடி அனுமதி பெற ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் விடாமல் முயன்றார். கடைசியில் 2004 டிசம்பர் தொடக்கத்தில் அவர் தலைமையில் ஒரு சிறு குழு போர்ட் பிளேர் போய் நிலையம் அமைத்தது. அந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இதுவும் ஒருவகை வெளிக்களப் பணிதான்: சொந்த ஊரை விட்டுப் போய், தற்காலிக ஆன்டெனா கட்டி, இரவு பகலாக எண்ணிக்கை சேர்ப்பது. மூன்று வாரத்தில் உலகம் முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் சேர்ந்தன.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி இருபத்தொன்பது நிமிடத்துக்குச் சுமத்திராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது. ரிக்டர் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 9-ஐத் தாண்டிய அதிர்ச்சி. திருமதி பாரதி அப்போது வானலையில் இருந்தார். நிலநடுக்கம் என்று மைக்கில் சொல்லிவிட்டு அறையை விட்டு ஓடினார், ஒலி நின்றது என்று அன்று கேட்டவர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் எழுதின. அதன் பிறகு சுனாமி. தீவுகளில் டெலிபோனும் மின்சாரமும் போயின.

அந்த ஹாம் குழுவின் போட்டி அந்த நிமிடத்தோடு முடிந்தது. ஆனால் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். நிறுவப்பட்டுச் சோதிக்கப்பட்ட ரேடியோக்கள். மாற்று மின்சாரம். மூன்று வாரமாக ஒரு நாளைக்குப் பல மணி நேரம் நெரிசலில் பேர்களையும் எண்களையும் பிரித்துக் கேட்டுப் பழகிய காதுகள். வெளியிலிருந்து நிவாரணக் கருவிகள் வந்து சேரக் காத்திருக்க வேண்டியதில்லை. சில மணி நேரத்தில் அவர்கள் மறுபடி வானலைக்கு வந்து, தீவின் நிலைமையைப் பிரதான நிலத்துக்குச் சொல்லத் தொடங்கினார்கள். பிறகு மிக மோசமாக அடிபட்ட கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைத்தார்கள். அந்தத் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே செய்திகள் அந்த வழியாக ஓடின.

செய்தி என்றால் என்ன? பெயர், ஊர், தொலைபேசி எண், 'நலமாக இருக்கிறார்'. அவ்வளவுதான். சென்னையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் ஹாம் அதை எழுதிக்கொண்டு, அந்த எண்ணுக்கு டெலிபோன் செய்வார். கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரைச்சலில் முருகேசனும் முருகையனும் ஒன்றாகக் கேட்கும். செல்வியும் செல்வமும் ஒன்றாகக் கேட்கும். தவறான வீட்டுக்கு 'நலம்' என்று சொல்லிவிட்டால் அதைவிடக் கொடுமை ஏது? அதனால் ஒவ்வோர் எழுத்தையும் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி' என்று உச்சரித்து, எதிர்ப்பக்கம் திருப்பிச் சொல்லக் கேட்டு, அதன் பிறகே அடுத்த பெயர். அனந்தகிரியில் கொட்டும் மழையில் முன்பின் தெரியாத ஒருவருடைய அழைப்புக் குறியை மூன்று முறை கேட்டுப் பென்சிலால் எழுதுவது இந்த வேலைக்கான ஒத்திகை.

நம் வாசகர்களுக்கு இதில் ஒரு சொந்த பந்தம் உண்டு. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. அன்று ஞாயிறு காலை ஹைதராபாத், செகந்திராபாத் தமிழர் வீடுகளில் எத்தனை பேர் ஊருக்கு டெலிபோன் போட்டு 'எல்லாத் தடங்களும் உபயோகத்தில் உள்ளன' என்ற குரலையே கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது இன்னும் நினைவிருக்கும்.

போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் நடுவே ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வெறும் கடல். 14 மெகாஹெர்ட்ஸ் அலை அயனி மண்டலத்தில் பட்டு ஒரே தாவலில் பகல் நேரத்தில் கடக்கக்கூடிய தூரம் அது. அதே 14 மெகாஹெர்ட்ஸை வைத்துக்கொண்டு ஹைதராபாத்திலிருந்து நல்கொண்டாவுக்குப் பேச முயன்றால் பெரும்பாலும் கிடைக்காது. அலை தலைக்கு மேல் தாவிப் போய்விடும். அதற்கு 7 மெகாஹெர்ட்ஸும், தாழ்வாகக் கட்டிய ஆன்டெனாவும் வேண்டும். எந்தத் தூரத்துக்கு எந்த நேரத்தில் எந்த வரிசை என்பது நாடி பார்க்கிற மாதிரி. ஆபத்து வந்த பிறகு உட்கார்ந்து படிக்க முடியாது.

அதே சுனாமியில் இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டைக்கும் ஹாம்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், கொழும்போடு இணைப்பு ஏற்படுத்தினார்கள். ஹைதராபாத் நிறுவனம் 2006-ல் மறுபடி போர்ட் பிளேரில் பன்னாட்டு ஹாம்களைக் கூட்டியது. 2007 ஜனவரியில் லட்சத்தீவுக்கும் போய் வந்தது. ஒரிசாவைத் தாக்கிய 1999 அக்டோபர் பெரும்புயல், 2001 குஜராத் பூகம்பம், 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைச் சூறையாடிய ஹுட்ஹுட், 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் எல்லாவற்றிலும் ஹாம்கள் எங்காவது ஒரு மூலையில் பாட்டரியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

செல்போன் ஏன் கைவிடுகிறது என்று கேட்கலாம். நம் கையிலுள்ள போன் ஒரு ரேடியோதான், ஆனால் அது பக்கத்துக் கோபுரம் வரைக்கும்தான் பேசும். அதன்பின் கோபுரத்தின் மின்சாரம், அங்கிருந்து போகும் கண்ணாடி இழைக் கேபிள், எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு சங்கிலி. கோபுரத்தின் அடியிலுள்ள பாட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன் பிறகு டீசல். சாலை வெள்ளத்தில் மூழ்கிவிட்டால் டீசல் எப்படி வரும்? சங்கிலியில் ஒரு கண்ணி போனாலும் பேச்சு இல்லை. போதாக்குறைக்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவோம். ஹாம் இணைப்பில் இரண்டே முனைகள். நடுவில் வானம்.

ரயில்வேக்கு இந்தப் பயம் பழையது. இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே பிளாக் கருவி, டெலிபோன் என்று எல்லாத் தொடர்பும் அற்றுப்போனால் என்ன செய்வது என்பதற்கு விதிப் புத்தகத்தில் தனி அத்தியாயமே உண்டு. ஒற்றைப் பாதையில், ஓர் எஞ்சினையோ மோட்டார் டிராலியையோ மெதுவாக, எச்சரிக்கையோடு அடுத்த ஸ்டேஷனுக்கு அனுப்பி, ஆள் மூலமாகத் தொடர்பைத் 'திறக்க' வேண்டும். அதற்கென்று தனிப் படிவம் உண்டு. அந்த விதியை நாங்கள் சும்மா மனப்பாடம் செய்யவில்லை. குறித்த காலத்துக்கு ஒருமுறை புத்துணர்வுப் பயிற்சிக்கு அனுப்பிக் கேள்வி கேட்டார்கள். 1990 மே மாதம் கிருஷ்ணா டெல்டாவைப் புயல் அடித்தபோது பாதையோரக் கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். படிவத்தை எப்படி நிரப்புவது என்று அன்றைக்கு யாரும் யாரையும் கேட்கவில்லை.

1964 டிசம்பர் 22 இரவை நம் வயதுக்காரர்களின் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்போம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653 பாசஞ்சரைக் கடல் கொண்டுபோயிற்று. ரயில் போனதே வெளியுலகத்துக்கு உடனே தெரியவில்லை. கம்பி அறுந்தால் செய்தியும் அறுந்தது. அந்தத் தீவில் அன்று ஒரு பாட்டரியும் ஒரு முழக்கம்பியும் ஓர் ஆபரேட்டரும் இருந்திருந்தால் ரயிலைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். உதவி சில மணி நேரம் முன்னதாகக் கிளம்பியிருக்கும்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் என்ன செய்யலாம் என்று ஒன்றிரண்டு வார்த்தை. பன்னிரண்டு வயது ஆனால் தேர்வு எழுதலாம். அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும் பாடம். பள்ளியில் இயற்பியல் படிக்கிற பிள்ளைக்குக் கடினம் இல்லை. கீழ்த் தரத்துக்கு மோர்ஸ் வேண்டாம், மேல் தரத்துக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகம் வேண்டும். அதைத் தினம் அரை மணி உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். புள்ளி, கோடு என்று எண்ணாமல், மிருதங்கச் சொற்கட்டைப் போல ஓசையாகக் காதில் வாங்கச் சொல்லுங்கள். பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இதில் மற்றவர்களை முந்திவிடுவார்கள் என்பது என் அனுபவம்.

உரிமம் இல்லாமல் பேசுவது சட்டப்படி குற்றம். கேட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரணில் கிடக்கும் பழைய சிற்றலை ரேடியோவை இறக்கி 7 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஹாம்களின் குரல் தொண்டை கட்டிய வாத்து மாதிரிதான் கேட்கும். ரேடியோ கெட்டுவிட்டது என்று திட்ட வேண்டாம். ஹாம்கள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அலையின் ஒரு பக்கத்தை மட்டுமே அனுப்புகிறார்கள். அதைப் பேச்சாக மாற்ற 'எஸ்.எஸ்.பி.' என்று ஒரு பொத்தான் உள்ள ரிசீவர் வேண்டும். அதை அழுத்தி மெதுவாகத் திருகினால் வாத்து மனிதனாகும். காலை ஏழு மணி வாக்கில் திருகிப் பாருங்கள். தமிழிலேயே ஒருவர் இன்னொருவரிடம் தம் ஊர் மழை நிலவரத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.